ஓவனுக்குள் ஒரு கப் தண்ணீர்

ஜனவரி 2, வெள்ளி

எங்கள் வீட்டில் பேய் இருக்கிறது!!!

சரி, இருக்கலாம்.

இந்த நோட்டை ஆரம்பித்ததற்குக் காரணம் கொள்ளிவாய் கோபி அண்ணா. யூடியூபில் வெள்ளிக்கிழமை தவறாமல் லைவ் வந்து பேய்க்கதை சொல்கிறாரே, அவரேதான். அவருடைய ஃபேன் பேஜை நடத்துவது ஈரோடு மௌனிகா, அதாவது நான். எடிட்டிங், தம்ப்நெய்ல் எல்லாம் நெட்டைப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. அண்ணா எப்போதும் சொல்வார்: "வீட்டுல ஏதாச்சும் நடந்தா தேதி போட்டு எழுதி வைங்க மக்களே. பேய்க்கு மறதி கிடையாது, நமக்குத்தான் உண்டு."

இன்று நடந்தது. காலையில் பால் சூடு பண்ண ஓவனைத் திறந்தேன். உள்ளே சுற்றும் தட்டின் நடுவில் அம்மாவின் வெள்ளைப் பீங்கான் கப். அது நிறையத் தண்ணீர். தண்ணீரில் ஒரு குல்ஃபி குச்சி சாய்ந்து நின்றது.

இது அம்மாவின் பழக்கம். அந்த மைக்ரோவேவ் ஓவன் ஜவுளிக் கடையின் தீபாவளிக் குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது. வந்த புதிதில் அம்மா அதைத் தொடவே பயந்தாள். அப்புறம் கூடவே வந்த புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்து, எங்களுக்கே டீச்சர் ஆகிவிட்டாள்.

"காலியா ஓடுச்சுன்னா கெட்டுப் போயிரும் கண்ணு. யாராச்சும் தெரியாம பட்டனை அமுக்கிப்போட்டா? அதுக்குத்தான் உள்ள எப்பவும் ஒரு கப்புத் தண்ணி."

"குச்சி எதுக்குங்ம்மா?"

"இதுல தண்ணி சுட வெச்சா கொதிக்கற சூடு வந்தாலும் சில நேரம் கொதிக்காது. சிவனேன்னு நிக்கும். எடுத்து ஆட்டுனாலோ, ஒரு ஸ்பூனு பொடி போட்டாலோ அப்படியே பொங்கி மூஞ்சில அடிச்சுப்போடும். குச்சி கெடந்தா அதைப் புடிச்சுக் குமிழி வரும், ஒழுங்காக் கொதிக்கும்."

மார்கழி பிறந்த அன்று காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி நடந்து வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் புதன்கிழமை முடிந்தது. அன்றைக்கு ருக்கு அத்தை அடுப்படியைக் கழுவித் துடைத்தார். அம்மா குல்ஃபி குச்சிகளைக் கழுவிச் சேர்த்து வைத்திருந்த பாட்டிலைக் குப்பை வண்டியில் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தக் கப்பைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தது நான்.

அப்படியென்றால் யார்?

தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். காலிக் கப்பை மறுபடி உள்ளே வைத்தேன். குச்சி என் பென்சில் டப்பாவில் இருக்கிறது.

ஜனவரி 3, சனி

மறுபடியும் தண்ணீர். மறுபடியும் குச்சி. தண்ணீர் செடிக்கு, குச்சி பென்சில் டப்பாவுக்கு.

ஜனவரி 4, ஞாயிறு

பெருந்துறையிலிருந்து ருக்கு அத்தை வந்தார். அப்பாவுக்கு அக்கா. வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். அப்பாவுக்கு மஞ்சள் மண்டியில் வேலை; எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் மஞ்சள் நிற்கும்.

"ஏண்டா தங்கராசு, கை எது மஞ்சள் எதுன்னு தெரியலயே. இந்தக் கையோடயா சோறு திங்கறே?"

அப்பா சிரிக்கவில்லை. அத்தை என் பக்கம் திரும்பினார்.

"அம்முணி, அந்த ஓவனை நான் எடுத்துட்டுப் போறேன். தை அமாவாசையன்னிக்குப் படையல் போட்டுட்டு."

"எதுக்குங்த்தை?"

"அவ நெனப்புப் பூரா அந்தப் பொட்டி மேலதான இருந்துச்சு? எனக்கொண்ணும் அது வேண்டாஞ்சாமி. என்ற மருமவ எவர்சில்வர் போசியை உள்ள வெச்சு வீட்டையே கொளுத்திப்போடுவா. யாருக்காச்சும் குடுத்தர்றேன்."

எவர்சில்வர் என்றதும் நான் அப்பாவைப் பார்த்தேன். ஓவன் வந்த முதல் வாரம் எவர்சில்வர் டம்ளரை உள்ளே வைத்து, பொறி பறக்கவிட்டு, வாசல் வரை ஓடியவர் அவர்தான். அம்மா கடைசி வரைக்கும் அவரை 'கம்பி மத்தாப்பு' என்று கூப்பிட்டாள். இன்று அப்பா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை குரலைத் தாழ்த்தினார். "தங்கராசு, பதினாறு வரைக்கும் அவளுக்குச் சொம்புல தண்ணி வெச்சோம். செரி. இனி வெக்கப்படாது. வெச்சா, குடிக்கறதுக்குன்னே இங்கயே நின்னுக்குவா. போற வழிக்குப் போக உடோணும். புரியுதா?"

"ம்."

அமாவாசைக்குள் நான் நிரூபிக்க வேண்டும். அம்மா இங்கே இருக்கிறாள் என்று நிரூபித்தால் ஓவனை யாரும் கொண்டுபோக முடியாது. ஓவன் போய்விட்டால்

துணி துவைக்க வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ஆதாரம் கிடைத்துவிட்டது!!! கப்பின் காதில் மஞ்சள் கறை, விரல் ரேகையோடு!

அம்மா மஞ்சள் பூசித்தான் குளிப்பாள். கோபி அண்ணாவுக்கு வாய்ஸ் நோட் அனுப்பிவிட்டேன். பேசும்போது மூச்சு வாங்கியது. அதை எடிட் பண்ணவில்லை, அப்படியே இருக்கட்டும், எஃபெக்ட்.

ஜனவரி 7, புதன்

சாம்பாரை டப்பாவோடு, மூடியை இறுக்கி வைத்துச் சூடு பண்ணினேன். மூடி எகிறி ஓவன் கூரையில் அடித்தது. "மூடியை லேசாத் தொறந்து வைக்கோணும், ஆவி எங்க போவும்?" என்ற குரல் காதில் கேட்டது. (ஞாபகத்தில்தான். அது ஆதாரம் ஆகாது. நான் நேர்மையாக எழுதுகிறேன்.)

ஓரத்தில் கொதித்த சாம்பார் நடுவில் ஜில்லென்று இருந்தது. பாதியில் நிறுத்திக் கிளற வேண்டும், அதுவும் மறந்துவிட்டது. அப்பா அதையே ஊற்றிச் சாப்பிட்டார். கதவு ஓரமெல்லாம் துடைத்தேன். அங்கே பிசுக்குச் சேர்ந்தால் கதவு சரியாக மூடாது.

ஜனவரி 9, வெள்ளி

கோபி அண்ணா லைவில் என் வாய்ஸ் நோட்டைப் போட்டார்!!!!! "ஈரோட்டுத் தங்கச்சி" என்றார்! கமென்ட்டில் எல்லோரும் 'ஓவன் அம்மா', 'ஓவன் அம்மா' என்று போட்டுத் தள்ளினார்கள். ஒருவன் மட்டும் 'செத்தவங்க சூடு பண்ணியா குடிப்பாங்க' என்று கேட்டுச் சிரிக்கிற பொம்மை போட்டான். அவனை பிளாக் செய்துவிட்டேன்.

அண்ணா சொன்னார்: "தங்கச்சி, கதை நெருப்பு. ஆனா நம்ம கூட்டத்துக்கு வீடியோ வேணும். அடுத்த வெள்ளிக்குள்ள அனுப்பு, உன்னைய லைவ்லயே கூப்பிடறேன்."

இதற்குத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

மசாலா டப்பாக்களுக்கு நடுவில் ஃபோனைச் சொருகி வைத்தேன். சீரகத்துக்கும் மிளகுக்கும் இடையில் லென்ஸ் மட்டும் தெரிகிறது. சார்ஜர் இணைத்தாயிற்று. அப்பா விடியும்போதே மண்டிக்குப் போய்விடுவார், நான் எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டேன். நடுவில் அடுப்படியில் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

ஜனவரி 12, திங்கள்

வீடியோவில் பேய் இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

வீடியோவில் அப்பா வருகிறார். மண்டிக்குப் போகிற சட்டை. பானையிலிருந்து தண்ணீரை மோந்து கப்பில் ஊற்றுகிறார். ஓவனைத் திறந்து, சத்தம் வராமல் உள்ளே வைத்து மூடுகிறார். உள்ளங்கையை ஓவன் கதவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்.

"குடி சாந்தா. இங்க வெச்சா அக்கா பாக்காது."

கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கிறார்.

"நேத்தும் குடிச்சிருந்தே. பாத்தேன்."

அதற்குமேல் ஃபோனில் இடம் இல்லை, நின்றுவிட்டது.

மஞ்சள் ரேகை யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது. என்ன பெரிய ஆதாரம். பீங்கான் கப்பை எடுத்தது ஏன் என்றும் தெரிகிறது; கம்பி மத்தாப்புக்கு எவர்சில்வர் பாடம் மறக்கவே இல்லை. குச்சிதான் வீடியோவில் இல்லை. அதைக் கடைசியில் போடுகிறார்போல. அத்தை பாட்டிலைத் தூக்கிப் போடும் முன்பே கொஞ்சம் எடுத்து ஒளித்து வைத்திருப்பார்.

தினமும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றியது நான். அம்மா குடிக்கிறாள் என்று அப்பா நினைக்கிறார். நாளைக்கு நான் ஊற்றாமல் விட்டால் கப் அப்படியே நிறைந்து நிற்கும். அப்பா வந்து திறந்து பார்ப்பார்.

கோபி அண்ணா மெசேஜ்: 'தங்கச்சி வீடியோ?'

'ஃபோன் தண்ணில விழுந்துருச்சுண்ணா' என்று அதே ஃபோனிலிருந்து பதில் போட்டேன்.

ஜனவரி 14, போகி

செடிக்கு ஊற்றவில்லை. குடித்துவிட்டேன். செடிக்கு ஊற்றினால் ஏமாற்று வேலை. குடித்தால் குடித்ததுதானே.

பானைத் தண்ணீர் என்பதால் மண் வாசனை. லேசாகச் சுக்கு வாசனையும் இருந்தது. கப்பில் பழைய வாசனை நின்றிருக்கும்.

ஜனவரி 15, வியாழன்

இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. கீழ்வீட்டில் குக்கர் விசில். எதிர்வீட்டில் கரும்பு. மண்டி லீவு என்பதால் அப்பா வீட்டிலேயே இருந்தார். நான் கப்பைக் காலி செய்ய அவர் குளிக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே ஓவனைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"டிபன் என்ன பண்ணட்டும் கண்ணு?" என்றார். அம்மா போனதற்கப்புறம் அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

ஜனவரி 16, வெள்ளி

லைவ் பார்க்கவில்லை. தலைவலி.

ஜனவரி 17, சனி

பென்சில் டப்பா மூடவில்லை, குச்சிகள் நிறைந்துவிட்டன. எல்லாம் ஒரே மாதிரி, சுத்தமாகக் கழுவியவை. முனை லேசாகக் கடிபட்டிருக்கிறது. குல்ஃபி தீர்ந்தபிறகும் குச்சியைக் கடித்துக்கொண்டே இருப்பது அம்மாவின் பழக்கம். அப்பா எத்தனைதான் ஒளித்து வைத்திருக்கிறார்?

நாளைக்கு அமாவாசை.

ஜனவரி 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, எஃபெக்ட் சேர்க்கவும் இல்லை.

அத்தை காலையிலேயே வந்துவிட்டார், ஓவன் அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டியோடு. நான் எழுந்து பல் தேய்ப்பதற்குள் அடுப்படியில் சமையல் நடந்துகொண்டிருந்தது. கப்பைக் காலி செய்ய நேரமே கிடைக்கவில்லை. படையல் இலை போட்ட பிறகு அத்தை ஓவனைத் துடைக்கத் துணியோடு போனார். கதவைத் திறந்தார்.

"தங்கராசு."

அப்பா போனார். பின்னாலேயே நானும் போனேன்.

"என்றா இது?"

"தண்ணிக்கா."

"தண்ணின்னு கண்ணுக்குத் தெரியுது. யாருக்கு?"

அப்பா கதவை மூடப் போனார்.

"நான் அத்தனை தூரம் சொல்லியுமா வெச்சே? அவளைக் கட்டிப் போட்டு வெச்சிருக்கயாடா? அவ என்ன மாடா?"

"தெனமும் காலியாவுதுக்கா" என்றார் அப்பா. "அவ குடிக்கறா."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கப்பிலிருந்த குச்சியை எடுத்து, "இதென்ன குப்பை" என்று கூடையில் போட்டார். பழைய தண்ணீரைக் கொட்டினார். கப்பைக் கழுவி அப்பாவிடம் கொடுத்தார்.

"செரி. இன்னைக்குக் கடைசியா ஒருக்கா குடுத்துரு. அவளுக்கு எப்படிப் புடிக்குமோ அப்படிக் குடு. அப்பறம் பொட்டியைக் கட்டீரலாம்."

அம்மாவுக்குக் காலையில் சுக்குப்பொடி போட்ட சுடுதண்ணீர்தான் பிடிக்கும்.

என்னைக் காக்காய்க்குச் சோறு வைக்க மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். காக்காய் வரவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். ஓவன் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடி போடாமல் ஓவன் கதவோரம் குனிந்து நின்றார்.

"கொதிக்கவே மாட்டேங்குதுக்கா. மறுபடி மறுபடி வெச்சுட்டேன். ஒரு குமிழி இல்லை."

"செரி போதும் எடு, சூடு வந்திருக்கும்."

ஓவன் நின்றது. அப்பா கதவைத் திறந்தார். ஒரு கையில் ஸ்பூன் நிறையச் சுக்குப்பொடி. கண்ணாடி இல்லாததால் முகத்தைக் கப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தண்ணீர் அசையவில்லை, ஆவிகூடச் சரியாக வரவில்லை. சிவனேன்னு நின்றது.

அம்மா சொன்ன அதே வார்த்தை.

"அப்பா! குச்சி இல்ல!"

அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்து, மறு கையால் கதவைத் தள்ளி மூடினேன். சுக்குப்பொடி என் தலையெல்லாம் கொட்டியது.

"ஏம்புள்ளே, பைத்தியமா உனக்கு?" என்று அத்தை கத்தினார்.

"யாரும் தொடாதீங்க! அது கொதிச்சாச்சு. வெளிய தெரியல, அவ்வளவுதான். ஆறட்டும். அம்மா சொல்லியிருக்காங்க."

ஓவன் நின்றுபோயிருந்தது. தட்டும் சுற்றவில்லை. கதவின் கண்ணாடிக்குள் கப் மங்கலாகத் தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் எதையும் தொடவில்லை. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்தேன், அப்பா ஸ்பூனைப் பிடித்திருந்தார், அத்தையின் இரண்டு கையும் வாயில் இருந்தன. எல்லோருடைய கையும் எங்கே இருந்தது என்பதை வேண்டுமென்றே எழுதுகிறேன்.

உள்ளே ஏதோ சின்னதாக 'டிக்' என்றது. பீங்கானில் மரம் பட்டால் வருகிற சத்தம்.

அடுத்த நொடி தண்ணீர் வெடித்தது. ஓவன் மேடையில் ஒரு குலுங்கு குலுங்கியது. கண்ணாடி முழுக்க வெள்ளை ஆவி. கதவிடுக்கிலிருந்து சுடுதண்ணீர் சொட்டுச் சொட்டாக மேடையில் விழுந்தது. அப்பாவின் முகம் இருந்திருக்க வேண்டிய இடம் அது.

கடைசியில் அத்தைதான் துணியால் பிடித்துக் கதவைத் திறந்தார்.

கப்பில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதில் ஒரு குல்ஃபி குச்சி, இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டு.

நான் குப்பைக் கூடையைப் பார்த்தேன். அத்தை காலையில் போட்ட குச்சி வாழைப்பூத் தோல்மேல் அப்படியே கிடந்தது.

அத்தை அட்டைப்பெட்டியை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார். சாப்பிடக்கூட இல்லை. வாசலில் செருப்பைப் போடும்போது மட்டும் அடுப்படியைப் பார்த்து, "பொட்டி இங்கயே இருக்கட்டும் சாந்தாமணி, நான் தொடலை" என்றார். ருக்கு அத்தை அம்மாவிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அத்தை போனபிறகு அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்பா, தண்ணியை அம்மா குடிக்கல. நாந்தானுங்ப்பா. மொதல்ல செடிக்கு ஊத்துனேன், அப்பறம் குடிச்சேன்."

"தெரியுங் கண்ணு."

"எப்படி?"

"கப்பு ஓரத்துல நீ ஒதட்டுக்குப் பூசற அந்தச் செவப்பு இருந்துச்சு. மொதல்ல அவதான்னு நெனச்சேன். பொங்கலன்னிக்குத்தான் இதைப் பாத்தேன். அக்காகிட்ட 'அவ குடிக்கறா'ன்னது உன்னையத்தான்."

"அப்பறமும் ஏன் வெச்சீங்க?"

"காலைல வெறும் வயித்துல தண்ணி குடின்னு உங்கம்மா எத்தனை கத்திருக்கா? ஒருநாளாச்சும் குடிச்சியா நீயி? இப்பத்தான் குடிக்கறே. எதுக்கு நிறுத்தோணும்னு வெச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. அப்பா என் தலையிலிருந்த சுக்குப்பொடியைத் தட்டிவிட்டார்.

"நீயும் கெட்டிக்காரிதான். உங்கம்மாவாட்டவே மறக்காம அந்தக் குச்சியை வேற போட்டு வெச்சுப்போட்டு."

"நான் எங்கப்பா போட்டேன்? நீங்கதான வைக்கறீங்க?"

அப்பாவின் கை என் தலையிலேயே நின்றுவிட்டது.

"நான் தண்ணி மட்டுந்தான் கண்ணு வெச்சேன்."

ஜனவரி 19, திங்கள்

பழைய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அப்பா கப்பை வைக்கிறார், மூடுகிறார். கப்பில் தண்ணீர் மட்டும்தான்.

அதை அழிக்கவில்லை. யாருக்கும் அனுப்பவும் இல்லை. கோபி அண்ணா மறுபடி கேட்டிருந்தார். 'ஒண்ணுமில்லண்ணா, ஓவன்ல சின்ன ரிப்பேரு' என்று போட்டேன்.

இன்று கப் காய்ந்து கிடந்தது. அப்பா தண்ணீர் வைக்கவில்லை.

"அக்கா சொன்னது செரிதான் கண்ணு. அவ வேலையை முடிச்சுட்டா. போகட்டும்" என்றார். கண் சிவந்திருந்தது. மண்டித் தூசி என்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

கப் காய்ந்துதான் கிடக்கிறது. குச்சியும் இல்லை. ரேஷன் கடைக்குப் போனேன். இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜனவரி 21, புதன்

ஓவனைக் காலியாக விடக் கூடாது. யாராவது தெரியாமல் பட்டனை அமுக்கிவிட்டால் கெட்டுப்போகும். அதனால் இன்று நானே அம்மாவின் கப்பில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தேன். இது பாதுகாப்புக்கு. புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அத்தை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அப்பா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வெச்சுட்டியா?"

"வெச்சுட்டேனுங்ப்பா."

"குச்சி?"

பென்சில் டப்பா என் கையில்தான் இருந்தது. மூட முடியாத அளவுக்கு அத்தனை குச்சி.

"போடலீங்ப்பா."

அப்பா டப்பாவைப் பார்த்தார், பிறகு ஓவனைப் பார்த்தார்.

"செரி, உடு" என்றார். "அப்படியே இருக்கட்டும்."

கதவை மூடிவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டோம்.